அன்பால் சொல்லும் சாட்சி: மட்டக்களப்பு, அம்பாறை விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியிலும் கல்முனையிலும் வாலிபர் கூட்டங்கள், வீட்டு ஜெபங்கள் ஆகியவற்றில் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் மெதடிஸ்த சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் என்று எல்லோரும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அம்பாறையில் அதைவிடவும் குறைவு. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பார். அவரோடு ஒரே வாவியில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் பயணம் செய்து, ஒரே போரிலும் ஒரே கடல்கோளிலும் உறவுகளை இழந்து வாழ்ந்திருக்கிறோம். அதை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

நல்லபடி வாழ்ந்தால் போதாதா? வாய் திறந்து சொல்லவும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். சிதறி வாழ்ந்த ஒரு சிறுபான்மைக் கூட்டத்துக்குப் பேதுரு எழுதும்போது, உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறார். அங்கே கேட்கிற ஒருவர் ஏற்கெனவே வந்து நிற்கிறார். அவர் ஏன் வந்தார்? நம்முடைய வாழ்க்கையில் அவருக்கு விளங்காத ஒன்றைக் கண்டிருக்கிறார். எல்லைக் கல்லைத் தள்ளி நட்ட அண்ணனோடு வழக்குக்குப் போகாமல் மறுபடியும் பேசத் தொடங்கியிருப்போம். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் கசந்துபோகாமல் இருந்திருப்போம். அந்த வியப்பு இல்லாத இடத்தில் நம்முடைய வார்த்தைகள் ஒலிபெருக்கி விளம்பரம்போலக் காற்றோடு போய்விடும்.

அதே வேளை, ஒருவர் மனம் திறந்து கேட்டபிறகும் "அது என் சுபாவம்" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாழ்மை என்று நான் சொல்லமாட்டேன். கர்த்தர் கொடுத்ததை நம்முடைய நற்குணமாகக் கணக்கில் எழுதிக்கொள்வது அது.

நிவாரணம் கொடுக்கும்போது இயேசுவைப் பற்றிச் சொல்லலாமா?

கொடுக்கிற அந்த நேரத்தில் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணத்தைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நாவலடியும் கல்லடியும் அழிந்தன. அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் ஊராகப் போனது. நாட்டிலேயே அதிக உயிர்கள் போன மாவட்டம் அம்பாறை. அடுத்த சில வாரங்களில் உதவி எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது. அவற்றில் பெரும்பங்கு தூய்மையான அன்பால் வந்தது. நான் மூட்டை சுமந்த ஒரு குழு மட்டும், பாத்திரங்களைக் கொடுப்பதற்கு முன் மக்களை வரிசையாக உட்காரவைத்து, ஒரு பிரசங்கம் செய்து, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றது. ஏறக்குறைய எல்லோரும் உயர்த்தினார்கள். குழுவினர் மகிழ்ந்து அதை எண்ணி எழுதிக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் பிறகு என்னிடம் சொன்னார்: "கை தூக்கினால்தான் பானை கிடைக்கும் என்று நினைத்தேன், தம்பி." அந்தப் பானையைக் கொடுத்தவன் நான். இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை.

பசித்தவருக்கு "இல்லை" என்று சொல்லும் சுதந்திரம் இருப்பதில்லை. அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் கிடைக்கும் "ஆம்" விசுவாசம் ஆகாது. லூக்கா சொல்லும் பத்துக் குஷ்டரோகிகளை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரும் சுத்தமானார்கள், ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார், ஆனாலும் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்பப் பெறவில்லை.

இப்போது எங்கள் சபையில் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம். வாவி பெருகி வெள்ளம் வரும் காலங்களில், யாருக்குக் கொடுப்பது என்பதை எங்கள் ஆட்களைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் கேட்போம். கோயில் நிர்வாகத்தாரையும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரையும் கூட வைத்துக்கொள்வோம். பொதிக்குள் கைப்பிரதி போடுவதில்லை. படம் எடுப்பதில்லை. இடதுகை அறியாமல் வலதுகை கொடுக்கட்டும் என்று சொன்னவரைப் பின்பற்றுகிறவர்கள், கூனிக் கையேந்தும் ஒருவருடைய முகத்தை முகநூலில் எப்படிப் போட முடியும்? நிவாரணம் முடிந்து எல்லோரும் போனபிறகு, ஒரு மாதம் கழித்து, வெறுங்கையோடு திரும்பிப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

நம்முடைய மண்ணில் இப்படி வாழ்ந்து காட்டியவர்கள் யார்?

மட்டக்களப்பு நகரில் சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் அவர்களிலிருந்து தொடங்கலாம். 1814ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவர். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்தார். துணையின்றி மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் படித்து, பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். சுமார் எட்டு மாதங்கள்தான். 1815இல் நோயுற்று இங்கேயே இறந்தார். எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் அவருடைய கணக்கு மிகச் சிறியது. ஆனால் அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இரண்டு நூற்றாண்டுகளாக எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே எழுத்தறிந்திருக்கிறார்கள்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். அவர் கிறிஸ்தவராகவில்லை. இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். அப்படியென்றால் அந்தக் கிறிஸ்தவப் பாடசாலைகளின் உழைப்பு வீணானதா என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டார்கள். இல்லவே இல்லை. ஒரு பிள்ளைக்குள் கடவுள் வைத்த வெளிச்சத்தைத் தூண்டிவிடுவதும் அன்பின் வேலைதான். அதை விலை பேசாமல் செய்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

புனித மிக்கேல் கல்லூரி என்றதும் எங்கள் தலைமுறைக்கு அருட்தந்தை யூஜின் ஹெபெயர் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1948இல் இங்கே வந்தவர் திரும்பிப் போகவில்லை. மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார், கைத்தொழில் கற்பித்தார். போர் உக்கிரமாக இருந்த 1990 ஆகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரோடு வந்த தமிழ் இளைஞரும் காணாமற்போனார். இருவருடைய உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஓடிப்போக ஒரு நாடு இருந்தும் இந்த மக்களோடு நின்ற ஒரு மனிதரைப் பற்றி, அவரிடம் பந்து பிடிக்கப் பழகிய இந்துப் பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த 1990களில், இயேசு சபைத் துறவி பவுல் சற்குணநாயகம் அடிகளாரும் நண்பர்களும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் காயப்பட்ட மனங்களோடு தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். அங்கே பிரசங்கம் கிடையாது. "நானோ அவைகளுக்கு ஜீவன் உண்டாயிருக்கவும், அது பரிபூரணப்படவும் வந்தேன்" என்ற வசனத்துக்கு விளக்கம் கேட்டால், நான் அந்தப் பூங்காவைக் காட்டுவேன்.

பக்கத்து வீட்டார் கோயில் திருவிழாவுக்கு அழைக்கிறார்கள், பிரசாதம் தருகிறார்கள். என்ன செய்வது?

இதில் சபைக்குச் சபை போதனை வேறுபடுகிறது. உங்கள் மனச்சாட்சியையும் போதகரையும் கேளுங்கள். ஆனால் எந்த முடிவெடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். தட்டை நீட்டும் மாமி உங்களைச் சோதிக்கவில்லை, அன்பைத்தான் நீட்டுகிறார். உண்ண முடியாது என்றால், "மாமி, எங்கள் பழக்கம் இது, கோபிக்காதீர்கள், ஒரு தேநீர் தாருங்கள்" என்று அவர் வீட்டுக்குள் போய் உட்காருங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில், அல்லது ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஊரே திரண்டிருக்கும் நாளில், நம்முடைய ஒலிபெருக்கியைக் குறைத்து வைப்பதும் சாட்சிதான். தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு வாசலில் குடிதண்ணீர் வைப்பது அதைவிட மேலானது. விக்கிரகம், பிசாசு என்று அயலவரின் வழிபாட்டை மேடையில் இகழும் பேச்சை நான் அடியோடு வெறுக்கிறேன். அது யாரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவந்ததை நான் கண்டதில்லை. பிள்ளைகளின் நட்பை முறித்ததைக் கண்டிருக்கிறேன்.

நாம் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் வீட்டுக்கு அன்று இறைச்சி அனுப்பாதீர்கள். நத்தார் கேக்கில் பிராந்தி சேர்த்திருந்தால் முஸ்லிம் வீடுகளுக்கு வேறு பலகாரம் செய்யுங்கள்.

2019க்குப் பிறகு முஸ்லிம் அயலவரோடு எப்படிப் பழகுவது? மனம் இன்னும் ஆறவில்லை.

ஆறவில்லை என்று சொல்வதில் பாவம் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். அந்தக் குடும்பங்களிடம் "மன்னித்துவிட்டீர்களா?" என்று ஒலிவாங்கியை நீட்டும் உரிமை யாருக்கும் இல்லை. மன்னிப்பு அவர்களுடைய நேரத்தில், கர்த்தருடைய கிருபையால் வரவேண்டியது.

ஆனால் குண்டு வைத்தவனையும், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் கடை வைத்திருப்பவரையும் ஒன்றாக்குவது பொய்ச்சாட்சி. அதே காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேலாகக் கொல்லப்பட்டார்கள். தொழுகையில் குனிந்த தலையோடு சாவது என்னவென்று அந்த ஊருக்கும் தெரியும். இதை இளையவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அறையில் ஒரு மௌனம் வருகிறது.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு பலர் முஸ்லிம் கடைகளைத் தவிர்த்தார்கள். என் மனைவி சில வாரங்களில் வழக்கமான துணிக்கடைக்குப் போனார். கடைக்காரர் எழுந்து நின்றாராம், பேச முடியவில்லையாம். அவருடைய தாய் உள்ளேயிருந்து வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இருவரும் சமயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நோன்புக் காலத்தில் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. இப்போதும் வருகிறது.

வீட்டில் நான் மட்டுமே விசுவாசி. அம்மா "குடும்பத்தைக் கைவிட்டுவிட்டாய்" என்கிறார்.

அம்மாவின் பயம் பெரும்பாலும் கோட்பாட்டைப் பற்றியது அல்ல. செத்தால் யார் கொள்ளி வைப்பது, தங்கைக்குக் கல்யாணம் பேசும்போது நம் குடியில், அதாவது தாய்வழிச் சொந்தத்தில், என்ன சொல்வார்கள், பிள்ளை இனி நம் வீட்டுப் பிள்ளைதானா: இவைதான். ஆகவே வசனங்களால் பதில் சொல்லாதீர்கள். முன்பைவிட நல்ல மகனாக, மகளாக இருங்கள். அப்பாவின் மருந்து தீர்வதற்கு முன் வாங்கி வையுங்கள். அறுவடைக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலுக்கு நீங்களே முதலில் போங்கள். தங்கையின் திருமணத்தில் உங்கள் பங்கைக் குறைக்காதீர்கள்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். விசுவாசத்துக்கு வந்த புதிதில் வீட்டுச் சாமிப் படங்களைக் கழற்றச் சொல்லிச் சண்டையிட்டிருக்கிறாள். பிறகு போதகர் சொன்னதைக் கேட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். படங்கள் சுவரிலேயே இருந்தன. அம்மா படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் அவள்தான் தூக்கிக் குளிப்பாட்டினாள். அம்மா கடைசிவரை திருநீறு பூசியே இறந்தார். ஆனால் இறப்பதற்கு முன் மகளை அழைத்து, "உன் இயேசுவிடம் எனக்காகவும் சொல்" என்றாராம். அதற்குமேல் என்ன பொருள் சொல்வது என்று எனக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும்.

தொழில் செய்யுமிடத்தில் சாட்சியாக இருப்பது எப்படி?

தராசில் தொடங்குங்கள். கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். ஆராதனையில் முன்வரிசையில் நின்று பாடிவிட்டு, திங்கட்கிழமை ஏழைப் பெண்களிடம் கொடிய வட்டி வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடன் வசூலிக்க வருகிறவர்களுக்குப் பயந்து பெண்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஊர்கள் இவை. அந்த வாசலில் தட்டுகிற கை விசுவாசியுடையதாக இருந்தால், நூறு நற்செய்திக் கூட்டங்கள் நடத்தினாலும் அந்தத் தெருவில் கிறிஸ்துவின் பெயர் எழும்பாது. சபைகள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை, தான் விரும்பும் சமயத்தை வைத்திருக்கவும் தழுவவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் அளிக்கிறது. உங்கள் அயலவருக்கும் அதே சுதந்திரம்தான்: தன் சமயத்திலேயே நிலைத்திருக்க.

யாராவது உண்மையாகவே கேட்டால் என்ன சொல்வது? எனக்குப் பேச வராது.

பேச வராதவர்கள் சொன்னதைத்தான் மக்கள் நம்புகிறார்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள்: முன்பு எப்படி இருந்தேன், எங்கே உடைந்தேன், இயேசு எப்படி என்னைச் சந்தித்தார், இன்று என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை. கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். இரட்சிப்பு, கிருபை, அபிஷேகம் என்ற சொற்கள் சபைக்கு வெளியே பலருக்கு விளங்குவதில்லை. மன்னிப்பு, நிம்மதி, பயம் போனது என்று சொல்லிப் பாருங்கள். பிறகு நிறுத்திவிட்டு அவருடைய கதையைக் கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள்.

கோபத்தில் அயலவரோடு சண்டையிட்டுவிட்டேன். என் சாட்சி போய்விட்டதே?

இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீங்களும்" என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். குறையே இல்லாதவர்போல் நடிப்பவரைவிட, வேலியோரம் வந்து தலைகுனிந்து "நான் சொன்னது பிழை" என்பவரிடமே மக்கள் நற்செய்தியைக் காண்கிறார்கள்.

வைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம். அவர்களுக்காக ஜெபிக்கலாமா?

கேட்டுவிட்டு ஜெபியுங்கள். "உங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்யட்டுமா?" என்று மெல்லிய குரலில் ஒருமுறை கேளுங்கள். ஆம் என்றால், கட்டிலருகே நின்று, அவருடைய பெயரைச் சொல்லி, இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கவேண்டிய தேவையில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லவோ, சுகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை.

வேண்டாம் என்றால் முகம் மாறக்கூடாது. தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குத் துணைக்கு ஒருவர் நிற்பார். அவரை யாரும் கவனிப்பதில்லை. நேற்றிலிருந்து அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் போய்க் குளித்துவிட்டு வரும்வரை நீங்கள் கட்டிலருகே இருங்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தால் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.